குருதி கொடுத்து வீடு திரும்பிய பின் வரும் மயக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் சனசமூக நிலையம், விளையாட்டுக் கழகம், கோவில் மண்டபம், பாடசாலை என்று வருடம் முழுவதும் எங்கேயாவது ஒரு குருதிக்கொடை முகாம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. முகாம் வேலைகளில் நிற்பவர்களிடம் கேட்கப்படும் கேள்விகளில் பாதி, ஊசி குத்தும் நேரத்தைப் பற்றியவை. மிச்சம் பாதி, வீட்டுக்குப் போன பிறகு நடந்ததைப் பற்றியவை. இந்தப் பக்கம் அந்த இரண்டாவது பாதிக்கானது. எழுதுபவர் வைத்தியர் அல்ல. உங்கள் உடம்பைப் பார்த்து முகாம் வைத்தியர் வேறு ஏதாவது சொன்னால் அதையே கேளுங்கள்.

குருதி கொடுக்கும்போது சிலர் மயங்குவது தெரியும். வீட்டுக்குப் போன பிறகுமா?

ஆம். கட்டிலிலோ, பிஸ்கட் கொடுக்கும் மேசையடியிலோ வருவதை உடனடி மயக்கம் என்றும், முகாமை விட்டு வெளியேறிய பின் வருவதைத் தாமத மயக்கம் என்றும் பிரித்துப் பதிவது வழக்கம். தாமத மயக்கம் பெரும்பாலும் முதல் சில மணிநேரத்துக்குள் வந்துவிடும். அபூர்வமாக அடுத்த நாள் காலை வரைக்கும் இழுபடும்.

எண்ணிக்கையில் இது சிறியது. குருதி கொடுப்போரில் நூற்றுக்கு ஒருவர் முதல் ஐவர் வரை தலைச்சுற்று, குமட்டல், மயக்க உணர்வு என்று ஏதோ ஒன்றை அடைகிறார்கள் என்பது பல நாடுகளின் பொதுவான கணக்கு. நினைவிழந்து விழுபவர்கள் அவர்களுள் மிகச் சிலர். வெளியே போய் விழுபவர்கள் அதிலும் குறைவு. ஆனால் விழும் இடத்தைப் பாருங்கள். முகாமில் மயங்குபவர் கட்டிலில் மயங்குகிறார், பக்கத்தில் தாதி நிற்கிறார். தாமதமாக மயங்குபவருக்குப் படிக்கட்டு, குளியலறைச் சீமெந்துத் தரை, தார் வீதி. தலையில் அடிபடுவதும் எலும்பு முறிவதும் இவர்களுக்குத்தான் அதிகம்.

கட்டிலில் ஒன்றும் இல்லை. ஒரு மணிநேரம் கழித்து ஏன் வருகிறது?

இரண்டும் வரும் வழி வேறு. ஊசியடியில் வரும் மயக்கத்தில் பயத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஊசியைப் பார்த்ததும், குழாயில் குருதி ஓடுவதைக் கண்டதும் வேகஸ் நரம்பு தூண்டப்படுகிறது. இதயத் துடிப்பு குறைகிறது. குருதிக் குழாய்கள் விரிகின்றன. அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. மூளைக்குப் போகும் குருதி சில விநாடிகள் தடைப்பட்டாலே நினைவு தப்பிவிடும்.

வீட்டுக்குப் போகும் வழியில் இருப்பவருக்குப் பயம் ஓய்ந்துவிட்டது. அங்கே கணக்கு வேறு. பொதுவாக 450 மில்லிலீற்றர் குருதி எடுக்கப்படுகிறது. படுத்திருக்கும் உடம்புக்கு இந்த இழப்பு பெரிதாகத் தெரியாது. நாளங்கள் சுருங்கும், இதயம் சற்று வேகமாக அடிக்கும், அழுத்தம் நின்றுகொள்ளும். எழுந்து நின்றதும்தான் சோதனை. குருதி கொடுக்காதவர் எழுந்து நின்றாலும் அரை லீற்றருக்கு மேல் குருதி வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கும். இங்கே அது ஏற்கெனவே குறைந்த அளவிலிருந்து இறங்குகிறது. அதன்மேல் வெயில் தோலின் நாளங்களை விரிக்கிறது. வியர்வை இன்னும் கொஞ்ச நீரைக் கொண்டுபோகிறது. வயிறு நிறையச் சாப்பிட்ட மதியச் சோறு குருதியைக் குடல் பக்கம் இழுக்கிறது. ஒவ்வொன்றாக வந்தால் உடம்பு சமாளித்துக்கொள்ளும். எல்லாம் ஒன்றாகக் கூடிவந்தால், அதுவரை ஓடி ஓடி ஈடுகொடுத்த இதயம் திடீரென்று மெதுவாகிவிடுகிறது, ஆள் சாய்கிறார்.

இழந்த நீர்ப்பகுதி நிரம்ப ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள் எடுக்கும். முதல் நாளைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

ஹீமோகுளோபின் குறைந்ததால்தான் மயக்கம் என்று அம்மா சொல்கிறார்.

இல்லை. கொடுக்க முன்னரே ஹீமோகுளோபினைப் பார்த்துத்தான் அனுமதிக்கிறார்கள். அன்று வரும் மயக்கம் நீர்ப்பகுதியும் அழுத்தமும் சம்பந்தப்பட்டது. சிவப்பணு நிரம்பச் சில வாரங்கள் ஆகும் என்பது உண்மை. முருங்கையிலையும் பயறும் மீனும் அதற்கு நல்லவை, அன்றைய மயக்கத்தை அவை தடுக்கப்போவதில்லை.

யாருக்கு மயக்கம் வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

ஆளைச் சுட்டிச் சொல்ல முடியாது. எந்த வகையினருக்கு வாய்ப்புக் கூடுதல் என்று சொல்லலாம். எந்த நேரத்தில், எந்த இடத்தில், என்ன செய்துகொண்டிருக்கும்போது வரும் என்பதை அதைவிட நன்றாகவே சொல்லலாம். என்னைக் கேட்டால் நமக்குப் பயன்படுவது இந்தக் கடைசி விடயம்தான்.

வகையினர் யார்? உடம்பில் மொத்தக் குருதி அளவு குறைந்தவர்கள், அதாவது எடையும் உயரமும் குறைந்தவர்கள். பெண்கள். இளவயதினர். முதல் தடவை கொடுப்பவர்கள். முன்பு ஒரு தடவை மயங்கியவர்கள். முகாமிலேயே இலேசாகத் தலை சுற்றி, படுத்து எழுந்து, "இப்போது சரி" என்று போனவர்கள். இந்தக் கடைசி ஆட்களை நான் சும்மா விடுவதில்லை. வீட்டில் இருந்து யாராவது வந்து கூட்டிக்கொண்டு போகும் வரை கதிரையில் இருத்திவைப்பேன். இவற்றோடு முதல் நாள் நித்திரை குறைந்தது, தண்ணீர் குடிக்காதது, காலைச் சாப்பாட்டை விட்டது ஆகியவையும் சேரும்.

இப்போது இந்தப் பட்டியலின் பலவீனத்தைப் பாருங்கள். விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு: ஆயிரம் பேர் கொடுக்கிறார்கள், அவர்களில் ஐந்து பேர் பிறகு மயங்கப்போகிறார்கள். மேலே சொன்ன வகைகளை வைத்து 300 பேரைப் பிரித்தெடுக்கிறோம். ஐவரில் நால்வர் அந்த 300க்குள் வந்துவிட்டார்கள் என்றால் அது நல்ல பிரிப்புத்தான். ஆனாலும் அந்த 300 பேரில் 296 பேருக்கு ஒன்றும் நடக்காது. ஐந்தாவது ஆளோ, "இவருக்கு ஒன்றும் வராது" என்று நாம் கை கழுவிய 700 பேருக்குள் இருக்கிறார். அபூர்வமாக நடக்கும் எதையும் முன்னறிய முயலும்போது இந்தச் சிக்கல் வரும். அதனால் 300 பேரைத் திருப்பி அனுப்புவதிலும் அர்த்தமில்லை, 700 பேரைக் கவனிக்காமல் விடுவதிலும் அர்த்தமில்லை.

அந்த ஐந்தாவது ஆள் எப்படி இருப்பார்? நான் கண்டவர் ஒரு மேசன். திடகாத்திரமான உடம்பு, பல தடவை கொடுத்துப் பழகியவர், கட்டிலில் கிடந்து தாதியோடு பகிடி விட்டவர். சோடாவைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே வேலைத்தளத்துக்குப் போய்விட்டார். உச்சி வெயிலில் குனிந்து சாந்து குழைத்தவர், நிமிர்ந்ததும் விழுந்தார். அவரைக் கொண்டுவந்தபோது கையில் ஒட்டியிருந்த பிளாஸ்டரின் மேல் சீமெந்து காய்ந்து பிடித்திருந்தது. பட்டியலில் உள்ள எந்தக் குறியும் அவருக்கு இல்லை. அவர் செய்த வேலையை முதலே கேட்டிருந்தால் எவரும் சொல்லியிருக்கலாம்.

பிரஷரும் நாடித் துடிப்பும் பார்த்தால் தெரியாதா?

ஓரளவுக்குத்தான். அழுத்தம் இயல்பிலேயே தாழ்வாக இருப்பவர்களுக்கும் துடிப்பு வேகமாக இருப்பவர்களுக்கும் வாய்ப்புச் சற்றுக் கூடுதல். ஆனால் நல்ல எண்கள் வந்தவர்களும் விழுகிறார்கள். கொடுத்து முடிந்ததும் நிற்கவைத்துப் பார்ப்பதும் அந்த நிமிடத்தைத்தான் காட்டும். இரண்டு மணிநேரம் கழித்துத் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறிப் பையோடு நிற்கும் உடம்பை அது காட்டாது.

கணினி, செயற்கை நுண்ணறிவு என்று ஏதாவது வந்திருக்கிறதா?

முயற்சிகள் நடக்கின்றன. நெதர்லாந்தில் கொடையாளர்களின் முகத்தைக் காணொளியிலும் வெப்பக் கமராவிலும் பதிந்து, முகத் தசைகளின் அசைவையும் தோலின் வெப்பத்தையும் வைத்து மயக்கத்தை முன்னறிய முயன்றிருக்கிறார்கள். சுவையான வேலை. ஆனால் அது ஊசியடி மயக்கத்துக்குரியது. வீட்டுக்குப் போன பின் நடப்பதை முகாமில் எடுத்த முகப்படம் சொல்லும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

எனக்கு 51 கிலோ. 50 கிலோ இருந்தால் போதும் என்கிறார்கள். கொடுக்கலாமா?

வைத்தியர் அனுமதித்தால் கொடுக்கலாம். கணக்கை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். பெண்களுக்கு ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 65 மில்லிலீற்றர் குருதி என்று வைத்தால், உங்களிடம் இருப்பது சுமார் 3.3 லீற்றர். 450 மில்லிலீற்றர் எடுத்தால் அது நூற்றுக்கு 13 அல்லது 14 பங்கு. 75 கிலோ உள்ள ஆணுக்கு 5 லீற்றருக்கு மேல் இருக்கும். அதே பை அவருக்கு நூற்றுக்கு 9 பங்கு கூட இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே சோடா, ஒரே பிஸ்கட், ஒரே பத்து நிமிட ஓய்வு என்பது நியாயமில்லை. அமெரிக்காவில் சில குருதி நிலையங்கள், கணக்கிட்ட குருதி அளவு 3.5 லீற்றருக்குக் குறைந்த இளம் கொடையாளர்களிடம் எடுப்பதே இல்லை.

கொடுத்தால் அன்றைய நாளை ஓய்வாக வைத்துக்கொள்ளுங்கள். எடையைக் கூட்டிச் சொல்லாதீர்கள். சட்டைப்பையில் கைபேசியையும் சாவிக்கொத்தையும் போட்டுக்கொண்டு தராசில் ஏறுபவர்களை எங்களுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை விரதம். கொடுத்துவிட்டு வந்து சாப்பிடலாமா?

வேண்டாம். இன்னொரு நாள் வாருங்கள். யாழ்ப்பாணத்தில் இது பெரிய சிக்கல், ஏனென்றால் முகாம்கள் பெரும்பாலும் கோவில் திருவிழாவோடும் நினைவு நாளோடும் ஒட்டித்தான் வைக்கப்படுகின்றன; நல்ல காரியம் செய்ய வருபவர் அன்றைக்கு விரதத்தோடும் வருகிறார். சாப்பிட்டீர்களா என்று கேட்டால் "ஓம்" என்று சொல்லிவிடுவார். கந்தசஷ்டி போன்று நாட்கணக்கில் பிடிக்கும் விரதம் என்றால் பாறணை முடிந்து, ஒரு நாள் நன்றாகச் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்த பிறகு வாருங்கள். நோன்பு நோற்பவர்களுக்கும் இதே ஆலோசனைதான்.

அன்றைக்கு என்ன செய்யக் கூடாது?

நீண்ட நேரம் அசையாமல் நிற்கக் கூடாது. இதை முதலில் சொல்வதற்குக் காரணம், இதை ஒருவரும் ஆபத்தாக நினைப்பதில்லை. நடக்கும்போது கால் தசைகள் சுருங்கிச் சுருங்கிக் குருதியை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். அசையாமல் நிற்கும்போது அந்த உதவி நின்றுவிடும். மினிபஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது, நல்லூர்த் தேரன்று வீதியில் சனத்துக்குள் நிற்பது, திருமண மண்டபத்தில் படம் எடுக்க வரிசையில் நிற்பது, பாடசாலையில் காலைப் பிரார்த்தனைக்கு நிற்பது எல்லாம் ஒன்றுதான். பஸ்ஸில் இருக்கை இல்லாவிட்டால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருங்கள், இருந்துகொண்டு காத்திருங்கள்.

அடுத்தது கழிப்பறை. குந்தியிருந்து சட்டென்று எழும்போது அழுத்தம் விழும். சிறுநீர் கழிக்கும் நேரத்திலும் விழும். எழும்பும்போது மெதுவாக, சுவரைப் பிடித்துக்கொண்டு. கதவைத் தாழிட வேண்டாம், வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். இரவில் எழுந்து போகும்போது ஆண்களும் இருந்து சிறுநீர் கழிப்பது நல்லது. வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

கிணற்றடியில் வாளியால் அள்ளிக் குளிப்பதையும் அன்று விடுங்கள். குனிந்து இழுத்து நிமிரும் வேலை அது, காலடி ஈரம், பல வீடுகளில் கட்டும் உயரமில்லை. மேல் கழுவ வேண்டுமென்றால் யாராவது அள்ளித் தரட்டும், நீங்கள் ஒரு முக்காலியில் இருந்து கழுவுங்கள்.

வைகாசியில் காண்டாவன வெயில் அடிக்கும் நாட்களில் பகல் வேளை வெளியே அலைவதைத் தவிருங்கள். முகாம் வைப்பவர்களும் அந்த நாட்களில் காலை நேரத்தோடு முடித்துக்கொண்டால் நல்லது.

மோட்டார் சைக்கிளில் வந்தேன். எப்படிப் போவது?

பின்னால் இருந்து போங்கள், ஓட்டுவது வேறொருவராக இருக்கட்டும். ஆள் கிடைக்காவிட்டால் குறைந்தது அரை மணிநேரமாவது நிழலில் இருந்து, தண்ணீர் குடித்து, நடந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். போகும் வழியில் கொட்டாவி தொடர்ந்து வந்தால், வியர்த்துக் குளிர்ந்தால், காது அடைத்தால், கண் மங்கினால் "சந்தி வரைக்கும் போய்விடுவோம்" என்று இழுக்க வேண்டாம். அந்த இடத்திலேயே நிறுத்தி, வீதியோரத்தில் படுத்துக்கொள்ளுங்கள். தீவுப் பக்கம் போகிறவர்கள் பண்ணைப் பாலத்தில் ஏற முன்னரே யோசித்துக்கொள்ள வேண்டும். ஏறினால் இரண்டு பக்கமும் கடல், நிழல் இல்லை. நெடுந்தீவில் இருந்து வருபவர்களுக்கு இன்னும் ஒரு படி: குறிகாட்டுவான் வரைக்கும் பஸ், அதற்குப் பிறகு படகு. நெரிசலும் புழுக்கமும் உள்ள படகில் நின்றுகொண்டு போவதை விட, அன்றிரவு பட்டணத்தில் ஓர் உறவினர் வீட்டில் தங்குவது மேல்.

எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்? இளநீர், சோடா சரிவருமா?

கொடுப்பதற்கு 10 முதல் 30 நிமிடத்துக்கு முன் அரை லீற்றர் தண்ணீரை ஒரே மூச்சாகக் குடிப்பது ஊசியடி மயக்கத்தைக் குறைக்க உதவுகிறது. அந்த விளைவு ஏறக்குறைய ஒரு மணிநேரத்தில் தணிந்துவிடும். ஆகவே வீட்டுக்குப் போன பின் வரும் மயக்கத்துக்கு அது காவல் அல்ல. அன்று முழுவதும் இடைக்கிடை குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தண்ணீரோடு உப்பும் தேவை, உப்புத்தான் நீரைக் குழாய்களுக்குள் பிடித்துவைக்கிறது. நம்மவர்கள் முகாமில் கொடுப்பது முழுக்க இனிப்பு: சோடா, நெல்லிரசம், ரொபி, சீனி போட்ட தேநீர். தப்பில்லை, ஆனால் போதாது. உப்புப் போட்ட மோர், உப்புக் கஞ்சி, கச்சான், மிக்சர், கடைகளில் கிடைக்கும் ஜீவனிக் கரைசல் எல்லாம் நல்லவை. வீட்டில் ஒடியல் கூழ் காய்ச்சினால் கொடுத்துவைத்தவர். இளநீர் நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. கூட ஏதாவது உப்பாகச் சாப்பிடுங்கள். உயர் குருதி அழுத்தத்துக்கும் சிறுநீரக நோய்க்கும் மருந்து எடுப்பவர்கள் உப்பைக் கூட்ட முன்னர் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

மாலையில் கொஞ்சம் கள்ளு?

அடுத்த நாள். மதுசாரம் நாளங்களை விரிக்கும், சிறுநீரையும் கூட்டும். பியரும் அப்படியே.

காலைப் பின்னி இறுக்கச் சொல்கிறார்களே, அது என்ன?

தொடை, பிருட்டம், வயிறு ஆகிய இடங்களில் உள்ள தசைகளை ஐந்து விநாடி இறுக்கி, ஐந்து விநாடி தளர்த்தி, திரும்பத் திரும்பச் செய்வது. நிற்கும்போது ஒரு காலை மற்றக் காலின் குறுக்கே போட்டு இரண்டையும் நெருக்கிப் பிடித்தாலும் அதே பலன். கால்களில் தேங்கிய குருதி மேலே ஏறும். கண் இருட்டத் தொடங்கும் நேரத்தில் படுக்க இடம் தேடிக்கொண்டிருக்கும் சில விநாடிகளை இது வாங்கித் தரும். கட்டிலில் இருந்து இறங்க முன்னரே ஒரு தடவை செய்து பழகிக்கொள்ளுங்கள். அவசரத்தில் புதிதாகப் படிக்க முடியாது.

நான் பனை சீவுகிறேன். அடுத்த நாள் மரம் ஏறலாமா?

முழுதாக 24 மணிநேரம் ஏறாதீர்கள். இரண்டு நாள் விட்டால் இன்னும் நல்லது. காலையும் மாலையும் ஏற வேண்டிய தொழில் என்பதால் அன்றைக்கு வேறொருவரை ஒழுங்கு செய்துவிட்டுத்தான் கொடுக்க வர வேண்டும். ஒழுங்கு செய்ய முடியாவிட்டால் தொழில் குறைந்த காலத்தில் வாருங்கள். கடலுக்குப் போகிறவர்கள், பஸ் ஓட்டுபவர்கள், சாரத்தில் நின்று கட்டட வேலை செய்பவர்கள், மின்கம்பத்தில் ஏறுபவர்கள் எல்லோருக்கும் இதுவே விடை.

ஒருவர் மயங்கி விழுந்துவிட்டார். என்ன செய்வது?

மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். தூக்கிக் கதிரையில் இருத்துவதுதான் நம் ஊரில் எல்லோரும் செய்யும் முதல் வேலை. அதைச் செய்யவே கூடாது. தலை நிமிர்ந்திருந்தால் மூளைக்குக் குருதி போகாது, மயக்கம் நீளும். நினைவு தெளியும் வரை வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். வாந்தி வந்தால் பக்கமாகத் திருப்புங்கள். தெளிந்த உடனே எழுப்பவும் வேண்டாம். பத்து நிமிடமாவது கிடக்கட்டும், பிறகு இருக்கட்டும், பிறகு நிற்கட்டும். அவசரமாக எழுப்பப்பட்டவர் இரண்டாம் தடவை விழுவது சாதாரணம்.

மயக்கத்தின்போது கை கால் சில விநாடிகள் வெட்டி இழுக்கலாம். இது வலிப்பு நோய் அல்ல. கையில் சாவியைத் திணிப்பதும் பல்லுக்கிடையில் கரண்டி வைப்பதும் வேண்டாம்.

ஓரிரு நிமிடத்தில் தெளியாவிட்டால், தலையில் அடிபட்டிருந்தால், நெஞ்சு நோவோ மூச்சுத் திணறலோ இருந்தால், திரும்பத் திரும்ப மயங்கினால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். குருதி கொடுத்த விடயத்தை அவர்களிடம் சொல்லுங்கள்.

வீட்டில் மயங்கினேன், பிறகு சரியாகிவிட்டது. இதைப் போய்ச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம். முகாமில் மயங்கினால் பதிவாகும். வீட்டில் மயங்கினால் நீங்கள் சொன்னால் மட்டுமே பதிவாகும். பல நாடுகளில் கொடையாளர்களைப் பிறகு தொலைபேசியில் கேட்டுப் பார்த்தபோது, பதிவேட்டில் இருந்ததை விட அதிகம் பேர் தலை சுற்றியதாகச் சொன்னார்கள். உங்கள் கொடையாளர் அட்டையில் அது குறிக்கப்பட்டால் அடுத்த தடவை வைத்தியர் அதைப் பார்த்து முடிவெடுப்பார். சொல்லாமல் விட்டால் அடுத்த தடவையும் அதே கட்டில், அதே பத்து நிமிடம்.

ஒரு தடவை மயங்கினால் இனிக் கொடுக்கவே கூடாதா?

பெரும்பாலானோர் கொடுக்கலாம். விழுந்து காயப்பட்டவர்கள், திரும்பத் திரும்ப மயங்குபவர்கள் விடயத்தில் குருதி வங்கி வைத்தியர் முடிவெடுக்க வேண்டும். மயங்கியவர்களில் பலர் மறுபடி வருவதில்லை என்பதுதான் நடைமுறை. இங்கே ஒருவர் மட்டுமல்ல, அவருடைய முழு வீடுமே வராது: "பிள்ளை கொடுத்துவிட்டு வந்து விழுந்தவள்" என்ற பேச்சு ஒழுங்கை முழுவதும் பரவிவிடும். 2014 முதல் இலங்கையின் குருதி முழுவதும் பணம் வாங்காத தன்னார்வக் கொடையாளர்களிடமிருந்தே கிடைக்கிறது. போதனா வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்பவருக்கு இந்த ஒழுங்கைதான் ஆதாரம்.

நாங்கள் முகாம் வைக்கப்போகிறோம். இதை எப்படிக் குறைப்பது?

கொடையாளரிடம் உடம்பைப் பற்றிய கேள்விகளை வைத்தியர் கேட்பார். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: "இனி எங்கே போகிறீர்கள்? எதில் போகிறீர்கள்? போய் என்ன செய்யப்போகிறீர்கள்?" இந்த மூன்றுக்கும் கிடைக்கும் பதில், எடைத் தராசு சொல்லாத பலவற்றைச் சொல்லிவிடும். பதிவு மேசையில் இதற்கென்று ஒரு ஆளை வையுங்கள். வயது கொஞ்சம் கூடிய, வாய் திறந்து கதைக்கக்கூடிய ஒரு அக்காவோ மாமியோ என்றால் இன்னும் நல்லது. இளந்தாரிகள் இளந்தாரிகளிடம் "ஒன்றும் இல்லை, ஓட்டிக்கொண்டு போவேன்" என்று வீரம் பேசுவார்கள்.

ஓய்வு இடத்தை நிழலில், மின்விசிறியோடு, வெளி வாசலுக்கு அருகில் இல்லாமல் போடுங்கள். வாசலடியில் கதிரை போட்டால் ஆட்கள் இருக்காமல் நழுவிவிடுகிறார்கள். எடை குறைந்தவர்களையும் முதல் தடவைக்காரரையும் இன்னும் ஒரு பத்து நிமிடம் கூட இருத்திவையுங்கள். கழிப்பறைப் பக்கம் ஒருவர் கண் வைத்திருக்கட்டும். வாகனம் உள்ள இரண்டு தொண்டர்களை ஆட்களைக் கொண்டுபோய் விடுவதற்கென்றே ஒதுக்குங்கள். மாலையில் எல்லோருக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, தலை சுற்றியதா, விழுந்தீர்களா என்று கேட்டு, விடைகளைக் குருதி வங்கியிடம் ஒப்படையுங்கள். நன்றி சொல்லும் குறுஞ்செய்தி இந்த அழைப்புக்கு ஈடாகாது. அதற்கு யாரும் "விழுந்தேன்" என்று பதில் எழுதுவதில்லை.